ஊசியம்மா

இது நான் தின்றதில்லை. சத்தியமாக நான் தின்றதில்லை. நேற்று சாயங்காலம் அரை வெள்ளரிக்காயும் இரண்டு முட்டையின் வெள்ளையும்தான் உள்ளே போயின. அதுவும் உப்பில்லாமல். அதற்கப்புறம் ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பிறகு இந்த எண் யார் சாப்பிட்டதற்காக ஏறுகிறது?

எடை மிஷினின் மேல் நின்றபடி அவள் இதை நினைத்தாளே ஒழிய வாய் திறக்கவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து எண்ணை முறைத்துக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். பயிற்சியாளனும் அவன்தான். பாரம் தூக்கும் பெண்கள் பயிற்சி எடுக்கும் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவன் மாஸ்டர். அவளுக்கும் அங்கே மாஸ்டர்தான், ‘வாங்க போங்க’தான். வாசலைத் தாண்டினால் ‘நீ’, ‘வா’, ‘போ’. இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே ஒரு சௌகரியம் இருந்தது. கூடத்தில் வாங்கிய திட்டை அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதில்லை. வீட்டுச் சண்டையை அவன் கூடத்துக்குக் கொண்டுவந்ததில்லை.

“இறங்கி மறுபடி ஏறு.”

இறங்கினாள். ஏறினாள். அதே எண்.

“மாஸ்டர், நேத்து நான் ஏறினேன்ல, அந்த அதிர்ச்சியிலேருந்து மிஷின் இன்னும் வெளிய வரலையோ என்னமோ,” என்றாள் பீரங்கி, பெஞ்சில் உட்கார்ந்து கட்டைவிரலில் டேப் சுற்றிக்கொண்டே.

பீரங்கிக்கு எடைக் கவலை கிடையாது. மேல் வரம்பே இல்லாத கடைசிப் பிரிவு அவளுடையது. கூடத்தில் எல்லோருக்கும் பட்டப்பேர் வைத்தவளும் அவள்தான். தனக்குத் தானே பீரங்கி என்று வைத்துக்கொண்ட கையோடு இவளுக்குப் பூனை என்று வைத்தாள். நடப்பது யாருக்கும் கேட்காமல் நடக்கிறாளாம். அது ஒட்டிக்கொண்டது. புருஷன்கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “ரெண்டு கிலோ. ஒரே மாசத்துல ரெண்டு கிலோ எங்கேருந்து வருது?”

பூனையின் பிரிவு ஐம்பத்தைந்து கிலோ. நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் மிஷின் ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு துளி காட்டினாலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். பட்ட பாடெல்லாம் மண்.

“மாஸ்டர், அது நீங்க போடச் சொன்ன ஊசி,” என்றாள் பீரங்கி. “அவ காத்தைக் குடிச்சாலும் சதையா ஒட்டுது.”

“நீ உன் டேப்பைச் சுத்து.”

பீரங்கி சுற்றினாள். பூனை இறங்கி, இரும்புப் பாரைப் பிடிக்கப் போனாள்.

ஊசியின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று அவளைக் கேட்டால், போன மழைக்காலத்திலிருந்து என்றுதான் சொல்வாள்.

அப்போது அவளுக்கு மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தது. வேறு எந்த வீட்டிலாவது இது ஒரு சேதியாகியிருக்கும். மாமியார் காதுக்குப் போயிருக்கும், ஒரு பரிசோதனை நடந்திருக்கும். ஆனால் பாரம் தூக்குகிறவர்களின் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம். சாப்பாட்டைக் குறைத்து உடம்பை இறுக்கும் காலத்தில் அது நின்றுபோவது கூடத்தில் சகஜம். பெண்கள் அதை ‘லீவு போட்டிருக்கா’ என்பார்கள். அவள் லீவு என்று சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. “பாத்தியா, டயட் நல்லா வேலை செய்யுது,” என்றான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே அவள் தட்டில் இன்னும் ஒரு பிடி குறைந்தது. பாரில் இன்னும் ஒரு தட்டு ஏறியது.

பிறகு ஒரு நாள் பயிற்சி முடிந்து உடை மாற்றும்போது வயிறு பிசைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப ஆரம்பம்மா. தானா கலைஞ்சு போச்சு. நீ பாரம் தூக்கினதாலயோ சாப்பிடாததாலயோ இல்ல. காரணமே இல்லாம நிறைய பேருக்கு இப்படி நடக்கும்,” என்றார். ஒன்று இருந்தது என்பதும் அது இல்லை என்பதும் அவளுக்கு ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. இருந்ததற்குச் சந்தோஷப்பட ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

வெளியே நீள பெஞ்சில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். கடைசியில், “நல்லவேளை, செலக்‌ஷனுக்கு இன்னும் நாள் இருக்கு,” என்றான்.

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்கு அது தெரியும். இருந்தாலும் அந்த ‘நல்லவேளை’ உள்ளே எங்கேயோ தைத்துக்கொண்டு நின்றுவிட்டது. முள் குத்திய இடம் என்றால் ஊக்கை வைத்துக் கிளறி எடுக்கலாம். இது எந்த இடம் என்றே தெரியவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் அது ‘அந்த விஷயம்’ ஆயிற்று. இன்னொரு தடவை ‘அந்த விஷயம்’ ஆகிவிடக் கூடாது என்பதற்காகக் கருத்தடை மாத்திரை வந்தது. மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் குமட்டி, அளந்து வைத்த சாப்பாடு அப்படியே வெளியே வந்தது. அதனால் ஊசி.

“இது ஒரு தடவை போட்டா மூணு மாசம் உடம்புக்குள்ளதான் இருக்கும்,” என்று டாக்டரம்மா அவளைப் பார்த்துத்தான் சொன்னார். “பிடிக்கலன்னா நடுவுல எடுக்க முடியாது. சில பேருக்கு எடை கூடும், பசி எடுக்கும், கண்ட நேரத்துல ரத்தம் படும், மனசு ஒரு நிலையில இருக்காது. நீ போட்டிக்குப் போற பொண்ணு, யோசிச்சுக்கோ.”

யோசிக்க அவளுக்கு இடம் வைக்காமல் அவன் சொன்னான்: “எடையை நாங்க பாத்துக்கறோம் டாக்டர். எங்க தொழிலே அதானே.”

அவள் கையை நீட்டினாள். சட்டைக் கையை மடித்துவிட்டவன் அவன்தான்.

சொன்னதெல்லாம் வந்தது. ஒன்று பாக்கி இல்லாமல் வந்தது. மாதத்துக்கு ஒரு முறை வந்துபோனது தினம் ஒரு கறையாகக் கசிய ஆரம்பித்தது. கறுப்புப் பேன்ட் தவிர வேறு உடுத்த முடியவில்லை. மார்பு கனத்து வலித்ததில், பாரை மேலே இழுத்துக் கழுத்தெலும்பில் வாங்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. தெருவில் யாராவது ரொட்டியைக் கடித்துக்கொண்டு போனால் அவள் கால் தானாகப் பின்னால் இரண்டு எட்டு வைத்தது. மோதிரம் விரலில் இறுகியது. கண்ணாடியில் அவளைப் போலவே இருந்த, ஆனால் கொஞ்சம் ஊதின ஒருத்தி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அவனும் சும்மா இல்லை. அவளுக்கு எதைக் கொடுத்தானோ அதையே தானும் தின்றான். வேகவைத்த கோழித் துண்டை சமையலறைத் தராசில் வைத்து இரண்டாக நறுக்குவான். பெரியதை அவள் தட்டில் போடுவான். “உனக்கு மட்டும் தண்டனையா, எனக்கும்தான்,” என்பான். அந்தச் சாப்பாட்டில் அவன் இளைத்துத் தாடை எலும்பு தெரிந்தது. அவள் ஊதினாள். “வீட்டுல ஒருத்தர் வத்தினா ஒருத்தர் வீங்கறது ஒரு கணக்குப் போல,” என்று பீரங்கி சொன்னதற்கு அவனே சிரித்துவிட்டான்.

அழுகைதான் கையில் பிடிபடவில்லை. ஒரு நாள் காலையில் முட்டையை உடைக்கும்போது மஞ்சள் உடைந்து வெள்ளையில் கலந்துவிட்டது. அதற்கு அவள் அழுதாள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, பெரிய சாவு விழுந்த மாதிரி அழுதாள்.

அவன் ஓடி வந்தான். “ஏய், என்ன, கையில சுட்டுக்கிட்டியா?”

“முட்டை...”

“முட்டையா?” கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். “சரி, ஒண்ணு சொல்லு. இப்ப அழறது நீயா, ஊசியா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஊசிதான்னு நினைக்கிறேன்,” என்றாள்.

“அப்ப ஊசியம்மாவுக்கு ஒரு டீ போடட்டுமா? சர்க்கரை இல்லாம குடிப்பாங்களா?”

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக வந்தது. அன்றிலிருந்து வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் குடியேறினாள். வாடகை தராதவள், வந்த காரியம் சொல்லாதவள், மூன்று மாதத்துக்கு நகரமாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்துகொண்ட விருந்தாளி. பூனை எரிந்து விழுந்தால் “ஊசியம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்டுல தூங்கறாங்க,” என்பான். படுக்கையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால், “நடுவுல அம்மா படுத்திருக்காங்க, நான் தள்ளிப் படுக்கறேன்,” என்பான். கோபித்துக்கொள்ள மாட்டான். அவளும் அந்த விளையாட்டுக்குள் நிம்மதியாக ஒளிந்துகொண்டாள். ஊசி என்றால் ஒரு நாள் தீர்ந்துபோகும். அதோடு இந்த அழுகையும் கரைந்துபோகும்.

ஆனால் சில அழுகைகள் முட்டைக்காக வரவில்லை. குளிக்கும்போது வயிற்றில் சோப்புப் போடும் கை சட்டென்று நின்றுவிடும். தெருவில் ஒருத்தி தூக்க முடியாமல் ஒரு குண்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவாள், இவளுடைய கை இரண்டும் லேசாகும். அதுவும் ஊசியா? அவளுக்குத் தெரியவேண்டியிருந்ததெல்லாம் அது ஒன்றுதான். இந்த அழுகை மருந்துடையது என்றால் தீர்ந்துபோகட்டும். தன்னுடையது என்றால், அதை யாரோடு சேர்ந்து அழுவது?

அவள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். அம்மாவுக்கு அந்த விஷயமும் தெரியாது, ஊசியும் தெரியாது.

“எங்க, நல்லா வெளிச்சத்துல வா. உடம்பு பூசினாப்ல இருக்கே!”

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“கன்னமெல்லாம் பளபளன்னு... ஏய், விசேஷமா?”

“இல்லம்மா.”

“என்கிட்டயே மறைக்கறியா? மூணு பெத்தவடி நான். மூஞ்சியைப் பாத்தா தெரியாதா?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

“சரி சரி. நாள் ஆகட்டும்னு மூடி வெச்சிருக்கீங்க போல. நான் யாருக்கும் சொல்லல. பாரத்தைக் கீரத்தைத் தூக்காத, ஆமா.”

போனை வைத்த பிறகு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தை வேண்டாம் என்று போட்ட ஊசி அவளைக் குழந்தை உண்டானவள் மாதிரி ஆக்கி வைத்திருந்தது. அம்மாவின் சந்தோஷம் அந்த அறையில் ஒரு மூலையில் இன்னும் நின்றுகொண்டிருந்தது, யாராவது ‘உட்காருங்க’ என்று சொல்லமாட்டார்களா என்பதுபோல.

அவன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். “என்ன, ஊசியம்மாவா?”

“ஆமா,” என்றாள். அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

எடை ஏற ஏற மாஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் அவள் பயிற்சியில் இருக்கும்போது அவள் பையை எடுத்து உதறினான். எல்லோருக்கும் முன்னால் உதறவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். துண்டு, பெல்ட், தண்ணீர் பாட்டில், அதற்கடியில் கசங்கிய ஒரு பிஸ்கட் உறை.

“இது என்ன?”

“தெரியல மாஸ்டர்.”

“உறைக்குக் கால் முளைச்சு உன் பைக்குள்ள வந்து படுத்துக்கிச்சா?”

“அது என்னோடது மாஸ்டர்!” என்று பீரங்கி தளத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். “குப்பைத் தொட்டி தூரமா இருந்துச்சு, பூனை பை பக்கத்துல இருந்துச்சு. வேணும்னா என் வாயை மோந்து பாருங்க, கிரீம் வாசனை இன்னும் இருக்கும்.”

பெண்கள் சிரித்தார்கள். மாஸ்டர் முகம் சிவந்து, உதறியதையெல்லாம் ஒவ்வொன்றாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தான். வீட்டுக்குப் போகும் வழியில், “தப்பா எடுத்துக்காத,” என்றான். “எண்ணு ஏறுதே, எனக்குப் பைத்தியம் பிடிக்குது.”

“நான் எடுத்துக்கல.”

எடுத்துக்கொண்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபமும் இப்போதெல்லாம் யாருடையது என்று பார்த்துத்தான் வரவேற்க வேண்டியிருந்தது.

பயிற்சியிலும் ஒரு கோளாறு வந்து சேர்ந்தது. பாரைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே கொண்டுபோகும் தூக்கு ஒன்று உண்டு, ஸ்நாட்ச் என்பார்கள். அதில் பார் உடம்பை ஒட்டியே மேலே வர வேண்டும். கணுக்காலை உரசி, தொடையை உரசி, தொப்புளுக்குக் கீழே இடுப்பு மடியும் இடத்தில் ஒரு தொடு தொட்டு, அந்தத் தொடுதலில்தான் மேலே பறக்க வேண்டும். பூனையின் பலமே அதுதான். உடம்போடு ஒட்ட இழுத்து இழுத்து அவள் கால்கள் எப்போதும் சிராய்த்திருக்கும். இப்போதோ பார் தொடையைத் தாண்டியதும் அவளை அறியாமல் இடுப்பு பின்வாங்கியது. பார் அடிவயிற்றைத் தொடாமல் விலகி வளைந்து முன்னால் போய்க் கீழே விழுந்தது.

“ஒட்டி வா! ஏன் தள்ளிப் பிடிக்கற?” மாஸ்டர் கத்துவான். பிறகு அவனே பதிலும் சொல்லிவிடுவான். “வயிறு உப்பியிருக்கு, அதான் இடம் பத்தல. ஊசித் தண்ணி. அது வடிஞ்சா சரியாயிடும்.”

வடிந்தால் சரியாகிவிடும் என்று அவளும் நம்பினாள்.

இரண்டாவது ஊசி போடவில்லை. எடையையும் கசிவையும் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே வேண்டாம் என்றார். செலக்‌ஷன் வரைக்கும் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளலாம் என்று அவன் சொன்னான். படுக்கையில் ஜாக்கிரதையாக இருக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதை அவள் சொல்லவில்லை. மூன்று மாதம் முடிந்து, அதற்கு மேலும் சில வாரங்கள் போன பிறகு, ஒரு நாள் மோதிரம் விரலில் தானாகச் சுழன்றது. கசிவு நின்றது. பசி பழைய அளவுக்குச் சுருங்கியது. ஒழுங்கான மாதவிலக்கு ஒன்று வந்துபோனது. மிஷினில் எண் இறங்க ஆரம்பித்தது, முதலில் தயங்கித் தயங்கி, பிறகு படியிறங்குகிற மாதிரி.

மாஸ்டர் கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தான். அன்றைக்கு ஒருத்தியையும் திட்டவில்லை.

“விருந்தாளி கிளம்பிட்டாங்களா?” என்றாள் பீரங்கி.

“கிளம்பிட்டாங்க,” என்றான் மாஸ்டர்.

“ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாங்களே, ஊருக்குப் போக நான் ஒரு பை வாங்கிக் குடுத்திருப்பேன்.”

அன்று சாயங்காலம் குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பூனை அழுதாள். வழக்கமான அழுகைதான். ஓர் இம்மியும் குறையவில்லை. வீங்கியதெல்லாம் வடிந்த பிறகு அது மட்டும் தெளிவாக, தனியாக நின்றது, தண்ணீர் வற்றிய குளத்தில் கல் தெரிகிற மாதிரி. குழாய்ச் சத்தம் அவளைக் காட்டிக்கொடுக்காது என்று நம்பினாள்.

ஆனால் பார் காட்டிக்கொடுத்தது. ஒரு மதியம் மாஸ்டர் வெளியே போயிருந்தபோது ஸ்நாட்ச் மூன்று தடவை முன்னால் போய் விழுந்தது. பீரங்கி தன் முறைக்காகக் காத்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, வயிறு ஒட்டிப் போயிருக்கு. ஊசித் தண்ணி ஒரு சொட்டு இல்ல. அப்புறம் ஏன் இன்னும் பாரைத் தள்ளிப் பிடிக்கற?”

பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசியிருந்த சாக் பவுடரைப் பூனை தொடையில் துடைத்தாள்.

“அங்க வலிக்குதா?”

“வலி இல்ல.”

“பின்ன?”

“அங்க பார் படும்போது...” என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. கை மட்டும் அடிவயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது.

பீரங்கிக்கு அந்த விஷயம் தெரியும். கூடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள் இதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. குனிந்து, பாரிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தாள். “இன்னைக்குப் போதும், போ,” என்றாள்.

வீட்டில் அவன் சமையலறைத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியிலேயே நின்று சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில நீ நல்லவேளைன்னு சொன்ன.”

“எப்போ?”

“அன்னிக்கு. பெஞ்சுல உக்காந்து. நல்லவேளை, செலக்‌ஷனுக்கு நாள் இருக்குன்னு.”

அவன் உண்மையாகவே யோசித்தான். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே பூனை.”

“சொன்ன.”

“சொல்லியிருந்தா, உன்னைத் தேத்தறதுக்குச் சொல்லியிருப்பேன். இப்ப எதுக்கு அதை எடுக்கற? இது நீ பேசல. உள்ள இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.”

“என்ன மிச்சம்?”

“ஊசிதான். சில பேருக்கு ரொம்ப நாள் இருக்குமாம்.”

“ஊசி போயிடுச்சுன்னு நீதான் ஜன்னலெல்லாம் திறந்த.”

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. “அது ஒண்ணுமே ஆகாத நேரம்னு டாக்டரே சொன்னாங்க. ஒரு பயறு அளவுகூட இருந்திருக்காது. அதுக்குப் போய்...”

அங்கேயே நிறுத்திக்கொண்டான். கோழித் துண்டையும் வெள்ளரிக்காயையும் கிராம் பிசகாமல் நிறுத்தவன், அதை மட்டும் நிறுக்காமலே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். அவள் அவன் கையையே பார்த்தாள். தராசின் தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவன் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, ஊசியம்மா தன்னைவிட அவனுக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது என்று. அழுவது ஊசி என்றால் இந்த வீட்டில் அழுவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. அவன் அழ வேண்டியதில்லை. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, அந்தத் தராசைப் பிடுங்கிச் சுவரில் எறிய வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உடை மாற்றப் போனாள்.

தேர்வு நாளில் மிஷின் ஐம்பத்தைந்துக்குக் கீழேயே நின்றது. அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான், கண் கலங்கிப் போயிருந்தான். முதல் ஸ்நாட்ச் முன்னால் போய் விழுந்தது. இரண்டாவதை எப்படியோ சமாளித்து நின்றாள். தோளில் வாங்கித் தூக்கும் பகுதியில் அவளுக்குக் குறை சொல்ல ஆளில்லை. மொத்தத்தில் முகாமுக்கு எடுக்கும் அளவுக்குத் தேறினாள். பீரங்கி அவளைத் தரையிலிருந்து தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

இறங்கிய பிறகு அவள் உடம்பைச் சூடேற்றும் அறையின் மூலையில் போய் உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். ஜெயித்தவர்கள் அழுவது புதிதில்லை. ஆனால் நேரமாகியும் துண்டு முகத்தைவிட்டு இறங்கவில்லை. அமைப்பாளர் ஒருவர் வந்து, ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு, அணி டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் பார்க்க வேண்டுமாம்.

டாக்டர் அறைக்கு வெளியே, நடைபாதையில், அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஒரே வார்த்தைதான்,” என்றான் மெதுவாக. “கேட்டா ஊசின்னு சொல்லிடு. நான் ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன். போட்டது நிஜம்தானே, பொய் ஒண்ணும் இல்லையே.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“வேற எதையாவது சொன்னா மனசு சரியில்லன்னு முத்திரை குத்தி ஒதுக்கிடுவாங்க. நீ எவ்வளவு பட்டிருக்க, எனக்குத் தெரியாதா? ஒரு வேளை வாய்க்கு ருசியாச் சாப்பிட்டிருப்பியா? அத்தனையும் வீணாப் போகணுமா? சொல்லிட்டு வா. வெளிய வந்து எவ்வளவு வேணும்னாலும் அழு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அணி டாக்டர் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள். அவனையும் உட்காரச் சொன்னார். கேள்விகளை அவளைப் பார்த்தே கேட்டார். தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா, எவ்வளவு நாளாக இப்படி. அவள் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

“கருத்தடை ஊசி போட்டிருந்தீங்கன்னு மாஸ்டர் சொன்னார். காலம் முடிஞ்சாலும் சிலருக்கு அதோட பாதிப்பு நின்னு வதைக்கும். மனசைத்தான் ரொம்பப் படுத்தும். அதுதானாம்மா?”

கதவைத் திறந்துவிட்டு அவர் ஒதுங்கி நிற்பதுபோல இருந்தது. தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். பக்கத்து நாற்காலியில் அவன் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான். தலையாட்டினால் முகாம் உண்டு, புருஷன் முகத்தில் சிரிப்பு உண்டு, எல்லோருக்கும் புரிகிற ஒரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் கொஞ்ச காலம் அவளுக்குள் இருந்தது மட்டும் இருந்ததாகவே ஆகாது. அதற்காக அழ இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆளும், அழுதது நானில்லை, மருந்து என்று கைகழுவிவிட்டதாக ஆகும்.

“இல்ல டாக்டர்,” என்றாள்.

“பூனை...” என்றான் அவன். வெளியாள் முன்னால் அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் அவன் அவள் காலில் விழுந்துகொண்டிருந்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தபடி, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

“ஊசி எப்பவோ போயிடுச்சு டாக்டர். இது அது இல்ல.”